பஞ்சாரமும் வல்லூறும்

கதையும் கவிதையும் பேசுகிற நண்பர்களுக்கு நடுவே கோழி வளர்ப்பைப் பற்றி எழுதப் புகுவது சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும் கடந்த சில ஆண்டுகளில் எங்களை மிகுதியாக அலைக்கழித்தது எந்த நாவலும் அல்ல, கொல்லையில் மேய்ந்த பதினோரு கோழிக்குஞ்சுகள்தாம். எழுதித் தீர்த்துவிட்டால் நிம்மதி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அல்ல, எழுதாமல் இருப்பது ஒளிப்பதுபோல் உறுத்துவதால் எழுதுகிறோம்.

2019இல் சென்னை வாழ்வை முடித்துக்கொண்டு, கடையத்திலிருந்து சில கல் தொலைவிலுள்ள ஒரு சிற்றூரில், பூர்வீக வீட்டுக்கே திரும்பி வந்தோம். மேற்கே மலை. ராமநதி அணையின் நீர் வரும் வயல்கள். வீட்டுக்குப் பின்னால் இருபது சென்ட் கொல்லை, அதன் கோடியில் எங்கள் தாத்தா காலத்துப் புளியமரம். பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த வீடாதலால் கொல்லை முழுவதும் நொச்சியும் ஆமணக்கும் ஆவாரையும் மண்டிக் கிடந்தன. பாம்புக்கு அஞ்சி, முதல் வேலையாக இயந்திரத்தை வரவழைத்து அத்தனையையும் வழித்தெடுத்தோம். தரையைச் சமன்படுத்தி, நகரத்து மனிதர்களுக்கு உரிய பெருமிதத்தோடு நின்று பார்த்தோம். அந்தப் பெருமிதத்திற்கான விலையைப் பின்னால் குஞ்சுகள் கொடுத்தன.

கோழி வளர்க்கும் எண்ணம் வடக்கு வீட்டு ஆச்சியைப் பார்த்து வந்தது. ஆச்சிக்கு எழுபது வயதுக்கு மேல். கணவர் இல்லை. மகளும் பேரனும் உடன் இருக்கிறார்கள். ஆறேழு பெட்டைக் கோழிகள் வைத்திருந்தார். நாட்டுக்கோழி முட்டை ஒன்றைப் பதினைந்து ரூபாய்க்குக் கொடுப்பார். மருந்து, வெற்றிலை, பேரனின் நோட்டுப் புத்தகம் எல்லாம் அந்தக் கணக்கில் நடந்தன. எங்களுக்குக் கோழி ஒரு பொழுதுபோக்கு, ஆச்சிக்கு அது வங்கிக் கணக்கு. இந்த வேறுபாட்டை நாங்கள் அறிந்துதான் இருந்தோம், உணர்ந்திருக்கவில்லை.

ஆச்சியிடமிருந்தே இரண்டு பெட்டைகளும் ஒரு சேவலும் வாங்கினோம். அந்தச் சேவலை மறு ஆண்டு சுடலைமாடன் கோயில் கொடைக்கு ஒருவர் கேட்க, நல்ல விலை வந்ததென்று கொடுத்துவிட்டோம். அதுவும் ஒரு பிழை. 2022 மாசி மாதத்தில் செவலைப் பெட்டை பதின்மூன்று முட்டைகளில் அடைகாத்து, இருபத்தோராம் நாள் பதினோரு குஞ்சுகளோடு வெளியே வந்தது. பஞ்சு உருண்டைகள் போல அவை தாயின் பின்னால் உருண்டோடுவதைக் காலையும் மாலையும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆறாம் நாள் ஒன்று குறைந்தது. பிறகு இரண்டு நாளைக்கு ஒன்று. பங்குனி பாதியில் நான்கே எஞ்சின.

*

வானத்தில் பருந்து வட்டமிட்டுக்கொண்டிருந்தது. எங்களுக்கு அதுவே போதிய சாட்சியாக இருந்தது.

கள்ளப் பருந்து என்று நூல்கள் சொல்லும், பிராந்து என்று எங்கள் ஊர் சொல்லும், கரும்பழுப்பு நிறமும் பிளந்த வாலும் கொண்ட பறவை. குளத்தங்கரையில் பிராய்லர் கடைக்காரர்கள் இறகையும் குடலையும் மூட்டையாகக் கொட்டுகிறார்கள். அதற்காகவே பத்துப் பதினைந்து பருந்துகள் நாள் முழுதும் அங்கே சுற்றும். அவற்றில் சில எங்கள் கொல்லையின் மேலும் வரும். செம்பருந்து வந்தால் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிற அதே கைகள், கள்ளப் பருந்தைக் கண்டால் மண்ணை வாரி இறைக்கும். பழிசுமத்துவதற்கு வசதியான பறவை அது. உயரத்தில், எல்லோரும் பார்க்கும்படி, அவசரமின்றிப் பறக்கிறது.

செய்யக்கூடியதெல்லாம் செய்தோம் என்றுதான் அப்போது நினைத்தோம். பழைய குறுந்தகடுகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டோம். வெயிலில் அவை மின்னியபோது அழகாகத்தான் இருந்தது. நான்கு நாள் ஒரு குஞ்சும் போகவில்லை. ஐந்தாம் நாள் ஒரு குறுந்தகட்டுக்கு நேர் கீழேயிருந்தே ஒன்று போயிற்று. சோளக்கொல்லை பொம்மை ஒன்று செய்து எங்களில் ஒருவரின் பழைய சட்டையை மாட்டினோம். அதன் தலைமேல் ஒரு மைனா உட்கார்ந்திருந்ததைப் பார்த்த அன்று அதைக் கழற்றி வைத்தோம். அசையாத பொருளுக்குப் பறவைகள் அஞ்சுவது சில நாட்களே. இடத்தையும் தோற்றத்தையும் மாற்றிக்கொண்டே இருந்தால்தான் அது பயன்படும். அதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இந்நிலையில்தான் பக்கத்துத் தோப்பில் வேலை பார்க்கும் ஒருவர் வேலியோரம் நின்று பேச்சுக் கொடுத்தார்.

“சார், நீங்க சரின்னு மட்டும் சொல்லுங்க. ராத்திரி வச்சா காலையில பிராந்து கெடக்கும்.”

எங்களில் ஒருவர் தலையசைத்தார். யார் என்பதை இங்கே எழுத வேண்டாமென்று எங்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம். தலையசைக்காதவரும் மறுப்புச் சொல்லவில்லை என்பதால் அதில் பெரிய வேறுபாடு இல்லை. பருந்து, வல்லூறு, கழுகு எதையும் கொல்லக்கூடாது என்று 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சொல்வதும் எங்களுக்குத் தெரியும். கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி, செத்த மாட்டின் வழியே பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்துக்குள் சென்று அவற்றின் குலத்தையே துடைத்தெடுத்ததும், 2006இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்தத் தடை வந்ததும் தெரியும். அதைப் பற்றிச் சென்னையில் ஒரு கூட்டத்துக்குக்கூடப் போயிருக்கிறோம். தெரிந்திருத்தல் வேறு, தலை அசைகிற கணம் வேறு.

அவர் பிராய்லர் கடைக் குடலில் வயலுக்கு இடும் குருணை மருந்தைக் கலந்து, எங்கள் வேலிக்கு வெளியே எருக்குழி மேட்டில் வைத்துவிட்டுப் போனார்.

காலையில் இரண்டு காக்கைகள் கிடந்தன. சற்றுத் தள்ளி, எருக்குழியின் மறுபக்கம், ஆச்சியின் கருங்கோழி கிடந்தது. இறக்கைகள் விரிந்து, கால்கள் விறைத்து, அலகில் நுரை. அவருடைய கோழிகளில் விடாமல் முட்டையிடுவது அதுதான். கோழி புழுவையும் பூச்சியையும் இறைச்சியையும் கொத்தித் தின்னும் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த இரவு அது எங்கள் நினைவுக்கு வரவில்லை. தலைக்கு மேலே நூற்றுக்கணக்கில் காக்கைகள் கூடி ஓலமிட்டன. அதற்கும் மேலே, வழக்கம்போல், பருந்து வட்டமிட்டது.

எஞ்சிய குடலையும் காக்கைகளையும் பழைய சாக்கில் கட்டி, நாயோ கீரியோ தோண்ட முடியாதபடி இடுப்பளவு குழி வெட்டிப் புதைத்தோம். அந்த வேலைக்கு ஒரு மணி நேரமாயிற்று. ஒருவரோடொருவர் பேசவில்லை.

குழியை மூடிவிட்டு, களைப்போடு பின்வாசற்படியில் உட்கார்ந்திருந்தபோது அது நடந்தது. புளியமரத்தில் அணில்கள் திடீரெனக் கீச்சிடத் தொடங்கின. தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கத்தின. மரத்தின் உள்ளிருந்து, புறா அளவேயுள்ள ஒரு சாம்பல் நிறப் பறவை தரையை ஒட்டி, எங்கள் முழங்கால் உயரத்தில், சத்தமின்றி வந்தது. செவலை தாவி எழுவதற்குள் நான்கில் ஒன்று அதன் காலில் இருந்தது. வந்த வழியே மரத்துக்குள் போய் மறைந்தது. எல்லாம் மூன்று மூச்சு நேரம்.

அது வல்லூறு. வைரி என்றும் சொல்வார்கள். சலீம் அலியின் புத்தகத்தைப் புரட்டி உறுதி செய்துகொண்டோம்: மேலே நீலச்சாம்பல், மார்பில் செம்பழுப்பு வரிகள், செந்நிறக் கண். வானில் வட்டமிட்டுக் காட்டிக்கொள்ளாமல் இலை மறைவில் உட்கார்ந்து காத்திருப்பது அதன் வழக்கம். பெரும்பாலும் உயிருள்ள இரையைத்தான் பிடித்துத் தின்னும். எருக்குழி மேட்டில் கிடந்த குடலை அது திரும்பிக்கூடப் பார்த்திருக்காது. நாங்கள் நஞ்சு வைத்தது வேறொரு பறவைக்கு. அந்தப் பறவையும் சாகவில்லை.

*

கருங்கோழி வெள்ளைக் கழிச்சலில் போயிற்று என்று ஆச்சி நினைத்துக்கொண்டார். கோடையில் அந்த நோய் வருவதுண்டு. நாங்கள் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அப்படியே போயிருக்கும். மூன்று நாள் வாய் திறக்காமல்தான் இருந்தோம். நான்காம் நாள், மற்றக் கோழிகளுக்கும் சீக்கு வந்துவிடும் என்று அஞ்சி அவற்றைக் குறைந்த விலைக்கு விற்க ஆச்சி ஏற்பாடு செய்கிறார் என்று கேள்விப்பட்டதும், போய்ச் சொன்னோம்.

ஆச்சி கத்தவில்லை. கோழிக்கான விலை அறுநூறு என்றார். ஆயிரமாகக் கொடுத்ததை எண்ணி, நானூறைத் திருப்பித் தந்தார். பிறகு சொன்னார்:

“கோழி போனா போவட்டும். எம் பேரன் அந்த எருக்குழி மேட்டுலதான வெளையாடுவான்? அது தெரியும்லா ஒங்களுக்கு?”

தெரியும். கொல்லைக்கதவு வழியாகத் தினமும் அவனைப் பார்க்கிறோம்.

சித்திரை பிறக்கும் வரை ஆச்சி எங்களோடு பேசவில்லை. அவர் மகள் வந்து முட்டை கொடுத்துவிட்டுப் போவாள், காசை வாங்கிக்கொள்வாள், அவ்வளவுதான். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு சத்தமில்லாமல் நடந்தது. சிபியின் கதை அடிக்கடி நினைவுக்கு வந்தது. புறாவைக் காத்த சோழன் என்று புறநானூற்றுப் புலவர்கள் பாடிப் பாடிச் சோழ மரபுக்கே அது ஒரு பட்டயமாகிவிட்டது. எல்லோரும் புறாவின் பக்கமிருந்தே அக்கதையைச் சொல்கிறார்கள். எங்களுக்கு அப்போது பட்டது வேறு: அந்த மன்னன் பருந்தை விரட்டவில்லை. அதன் பசி நியாயமானது என்று ஒப்புக்கொண்டு, அதற்குரியதைத் தன் உடம்பிலிருந்து கொடுக்க முன்வருகிறான். துலாக்கோலின் இரண்டு தட்டையும் அவன் பார்த்தான். தொடையை அறுத்துத் தரும் உயரமெல்லாம் எங்களுக்கு எட்டாது. ஆனால் குஞ்சின் விலைக்கு ஈடாக ஒரு வலையின் விலையைக் கூடக் கொடுக்காமல் குருணை மருந்துக்குப் போனோமே என்பதுதான் குடைந்தது.

*

சித்திரை விஷு கழிந்து ஒரு நாள் ஆச்சியே கொல்லைக்கதவைத் திறந்துகொண்டு வந்தார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எங்கள் கொல்லையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

“முத்தத்த இப்பிடி வழிச்சு வச்சா குஞ்சு எங்க போயி ஒளியும்? சொல்லுங்க பாப்பம்.”

இத்தனை நாள் நாங்கள் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆச்சி தரையைப் பார்த்தார்.

பிறகு அதைப் பற்றிப் படித்தபோது எங்களுக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்கோழியின் மூதாதை புதர்க்காட்டில் வாழும் செங்காட்டுக்கோழி. எங்கள் மலையடிவாரத்தில் கூவும் சாம்பல் காட்டுக்கோழியும் அதற்குத் தூரத்து உறவு. வீட்டுக்கோழி பலவற்றின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். வேட்டைப் பறவையின் நிழல் தெரிந்ததும் ஓடிப் புதருக்குள் நுழைவதற்காகவே ஆக்கப்பட்ட உடம்பு அது. அப்படிப்பட்ட பிராணியைப் புல்பூண்டில்லாத சமதளத்தில் விட்டுவிட்டு, பருந்தின் அறமின்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

நொச்சிக் கம்புகளை ஊன்றினோம். நொச்சி பிடிவாதமான செடி, வெட்டிய இடத்திலேயே தானாகவும் துளிர்த்திருந்தது. வேலியோரம் துவரை விதைத்தோம். இரண்டு வாழைக்கன்றுகள். கறிவேப்பிலையைச் சுற்றி முளைத்த கன்றுகளைப் பிடுங்காமல் விட்டோம். துவரை தலையெடுக்கும் வரை, காய்ந்த தென்னை ஓலைகளைக் கூரைபோல் சாய்த்து ஐந்தாறு இடங்களில் வைத்தோம். குஞ்சு எங்கே நின்றாலும் நாலு எட்டில் ஒரு மறைவு இருக்கவேண்டும் என்பது ஆச்சி வகுத்த கணக்கு.

சேவலைக் கொடுத்த பிழையையும் ஆச்சிதான் எடுத்துச் சொன்னார். கோழிகளுக்கு மொழி உண்டு என்றால் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். வானிலிருந்து வரும் ஆபத்துக்கு ஒரு குரல், தரையில் வரும் ஆபத்துக்கு வேறு குரல் என அவை பிரித்தே கூப்பிடுகின்றன. கிறிஸ்டோஃபர் எவான்ஸ், பீட்டர் மார்லர் முதலியோர் இதைச் சோதித்து 1993இல் எழுதினார்கள். பருந்துக் குரலைப் பதிவு செய்து போட்டுக் காட்டினால், பருந்தே இல்லாதபோதும் கோழிகள் மறைவுக்கு ஓடி, பதுங்கி, மேலே பார்க்கின்றன. தரைக்குரலுக்குக் கழுத்தை நீட்டி நிமிர்ந்து சுற்றிலும் பார்க்கின்றன. இன்னொன்றும் உண்டு: தனியாக நிற்கும் சேவல் பருந்தைக் கண்டாலும் அதிகம் கத்துவதில்லை. கேட்பதற்குத் துணை இருந்தால்தான் கத்துகிறது. எழுத்தாளர்களோடு ஒப்பிடும் ஆசையை அடக்கிக்கொள்கிறோம். ஒக்கூர் மாசாத்தியார் குறுந்தொகை 139ஆம் பாடலில், மாலையில் வேலியோரம் வெருகைக் கண்ட மனைக்கோழி குஞ்சுகளைக் கூவியழைப்பதை உவமையாக வைக்கிறார். அவர் கேட்டது அந்தத் தரைக்குரலாகத்தான் இருக்கவேண்டும்.

வயதான சேவலாக ஒன்று வாங்கி விட்டோம். அது ஒரு கண்ணைத் தரையிலும் ஒரு கண்ணை வானத்திலும் வைத்துத் தலையைச் சாய்த்தபடி நிற்கும். அதன் மெல்லிய நீண்ட விசில் கேட்டதும் கொல்லை ஒரு நொடியில் காலியாகிவிடும். சில நாள் விமானத்துக்கும் விசிலடித்தது. பரவாயில்லை.

*

ஆயினும் முதல் ஆறிலிருந்து எட்டு வாரம் வரை குஞ்சுக்கு மறைவு மட்டும் போதாது. அந்த வயதில்தான் அவை வல்லூறின் காலுக்கு அடங்கும் அளவில் இருக்கின்றன. அவ்வளவு சிறிய பறவை, வளர்ந்த கோழியை ஒன்றும் செய்துவிட முடியாது. ஆகவே காக்க வேண்டியது கோழியின் வாழ்நாள் முழுவதையும் அல்ல, இரண்டு மாதத்தை. இதை உணர்ந்ததும் பாரம் பாதியாகக் குறைந்தது.

முன்பு இதற்குத்தான் பஞ்சாரம் இருந்தது. மூங்கில் சிம்பால் முடைந்த அந்தப் பெரிய கூடையைத் தாய்க்கும் குஞ்சுக்கும் மேல் கவிழ்த்து, உச்சியில் ஒரு கல்லை வைத்துவிட்டு வயலுக்குப் போவார்கள். எங்களிடமும் ஒன்று உண்டு. நாள் முழுவதும் அதற்குள் அடைத்துவைக்க மனம் ஒப்பவில்லை. செவலையும் ஒப்பவில்லை, கூடையையே நகர்த்திக்கொண்டு போகும்.

எனவே வலை. தூத்துக்குடியில் உறவினர் ஒருவர் மூலம் கழித்துப்போட்ட மீன்வலை மலிவாகக் கிடைத்தது. நான்கு கம்பு நட்டு, வலையை மேலே விரித்துத் தொங்கவிட்டோம். மூன்றாம் நாள் விடியலில் அதில் ஒரு புள்ளி ஆந்தை சிக்கித் தொங்கியது. மெல்லிய நைலான் இழை இறக்கையின் கணுவில் இறுகி இருந்தது. துண்டால் அதன் தலையை மூடியதும் படபடப்பு அடங்கியது. ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒருவர் நகம் வெட்டும் கத்தரியால் இழை இழையாக அறுத்தோம். கட்டைவிரலில் அதன் நகம் பதிந்த தழும்பு இன்னும் இருக்கிறது. அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்திருந்து மாலையில் திறந்தோம். சற்று நேரம் எங்களை மாறி மாறி முறைத்துவிட்டுப் பறந்தது. மீண்டும் ஒரு கொலைக்கு அருகில் போய் வந்தோம், இம்முறை நல்லெண்ணத்தோடு.

தொய்வாகத் தொங்கும் மெல்லிய வலை காவல் அல்ல, கண்ணி. அதைப் பிரித்து எரியவிடாமல் சுருட்டிப் பரணில் போட்டோம். பிறகு தடித்த கயிற்று வலை வாங்கினோம். இரண்டு விரல் நுழையும் கண். இருபதடிக்குப் பன்னிரண்டடி. சவுக்குக் கம்புகளை ஆறடி உயரத்துக்கு நட்டு, கட்டுக்கம்பியை இழுத்துக் கட்டி, அதன்மேல் வலையைத் தட்டினால் அதிரும்படி விறைப்பாக விரித்தோம். பறக்கிற பறவைக்குத் தூரத்திலேயே தெரியவேண்டும் என்று பழைய வேட்டியைக் கிழித்து வெள்ளைத் துண்டுகளை ஆங்காங்கே முடிந்தோம். பக்கங்களிலும் வலை இறங்கவேண்டும். வல்லூறு மேலிருந்து வருவதைவிடப் பக்கவாட்டில் நுழைவதே அதிகம்.

இதற்கெல்லாம் ஆன செலவில் நூறு குஞ்சுகள் வாங்கியிருக்கலாம். ஆச்சியிடம் பாதி வலையை எடுத்துக்கொள்ளும்படி சொன்னோம். அவர் எங்கள் அரண்மனையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வேண்டாமென்று போய், மறுநாள் தம் கொல்லையில் மூன்று பழைய நைலக்ஸ் சேலைகளைக் கொய்யா மரத்துக்கும் சுவருக்குமாக இழுத்துக் கட்டினார். பைசா செலவில்லை. மேலிருந்து பார்த்தால் கீழே குஞ்சு இருப்பதே தெரியாது, வெயிலுக்கு நிழலும் ஆயிற்று. எந்தப் பறவையும் அதில் சிக்காது. காற்றடிக்கும் நாளில் மட்டும் அவிழ்த்து மடித்து வைப்பார். எங்களுடையதைவிட அது நல்ல ஏற்பாடு என்பதை எழுதிவைக்க வேண்டியது கடமை.

வேலிமூலையில் பட்டுப்போன முருங்கைக் கிளை ஒன்றை வெட்டாமல் விட்டிருந்தோம். அதில் கரிச்சான் வந்து உட்காரத் தொடங்கியது. இரட்டைவால் குருவி என்பார்கள். கூடு கட்டியிருக்கும் காலத்தில் பருந்து, காக்கை, வல்லூறு எது வந்தாலும் முதுகில் ஏறிக் கொத்தி ஊரெல்லை வரை விரட்டும். அதன் கூட்டுக்கு அருகே மற்றச் சிறு பறவைகள் வந்து கூடு கட்டுவது அந்தக் காவலுக்காகத்தான் என்கிறார்கள். சம்பளமில்லாத காவல்காரன். அதற்கு நாம் செய்யவேண்டியது ஒரு மொட்டைக் கிளையை விட்டுவைப்பது மட்டுமே.

*

புளியமரத்தில் வல்லூறு கூடு வைத்திருந்ததை அந்த ஆண்டு சித்திரைக் கடைசியில்தான் கண்டோம். காக்கைக் கூட்டைப் போன்ற சுள்ளிக் கூடு, உச்சிக்குச் சற்றுக் கீழே. பங்குனியில் ஏன் இரண்டு நாளைக்கு ஒரு குஞ்சு போயிற்று என்பதற்கு விடை அங்கே இருந்தது. மரத்தடியில் உதிர்ந்து கிடந்தவற்றைத் தோண்டியெடுத்தவர்களைப் போல ஆராய்ந்தோம். ஓணானின் தோல், அணில் வாலின் நுனி, மைனா இறகு, மீண்டும் ஓணான், மீண்டும் ஓணான். நடுவே ஓரிடத்தில் மஞ்சள் பஞ்சு.

கூட்டைக் கலைத்துவிடலாம் என்று அப்போதும் ஒருவர் சொன்னார், இது வேறு ஆள். இம்முறை இரண்டு பேரும் வேண்டாம் என்றோம், வாயால். வைகாசியில் மூன்று இளம் வல்லூறுகள் கிளையில் வந்து உட்கார்ந்து நாள் முழுதும் பசிக்குரல் எழுப்பின. அந்தச் சத்தத்தில் மத்தியானத் தூக்கம் போயிற்று.

குளத்தங்கரையில் கழிவு கொட்டுவதைப் பற்றி ஊராட்சியில் இரண்டு முறை எழுதிக் கொடுத்தோம். கொட்டுவது நிற்கவில்லை. அதைப் பற்றி இங்கே நீட்டினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

இந்த ஆண்டு பங்குனியில் செவலையின் மகள் பத்துக் குஞ்சுகள் பொரித்தது. ஏழாம் நாள், நாங்கள் வலைக்கதவைச் சாத்த மறந்துபோன அரை மணி நேரத்தில், ஒன்று போயிற்று. அணில்கள் கத்தியதைக் கேட்டுக்கொண்டே அடுக்களையில் நின்றிருந்தோம், என்னவென்று உறைப்பதற்குள் முடிந்துவிட்டது. மற்றவை எட்டு வாரம் கடந்து இப்போது துவரைக்குள் தாமாகவே மேய்கின்றன. சேவல் பார்த்துக்கொள்கிறது.

நேற்று அந்தியில் ஆச்சி பேரனோடு வந்தார். எருக்குழி மேட்டில் விளையாடிய அவன் இப்போது பள்ளிக்கூடத்துக்குப் போகிறான். கோழிகள் கூட்டுக்குள் ஏறும் நேரம். “எண்ணுல மக்கா” என்றார் ஆச்சி. அவன் ஒவ்வொன்றாக விரல் நீட்டி எண்ணினான். ஒன்பது என்றான். ஆச்சி நம்பாமல் தாமும் ஒருமுறை எண்ணிவிட்டு, கூட்டின் கதவைச் சாத்திக் கொண்டியை மாட்டினார்.